'காசு கொடுத்துச் சத்தம் படிக்கப் போறியா?'

கடிதத்தின் சாரம்

எழுதியிருப்பவருக்கு வயது 29. கணினிப் பொறியியல் பட்டதாரி, மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் வேலை. முறையாக இசை படித்ததில்லை, இசைக் குறியீடு வாசிக்கத் தெரியாது. கல்லூரிக் காலத்தில் லேப்டாப்பில் பீட் போடத் தொடங்கியவர், கொஞ்சம் கொஞ்சமாக ஒலிப்பதிவுப் பக்கம் சாய்ந்திருக்கிறார். இப்போது வெளிநாட்டில் மின்னணு இசை, ஒலிக்கலை (ஒலியையே மூலப்பொருளாகக் கொண்ட கலை) முதுநிலைப் படிப்பில் சேர விரும்புகிறார். அப்பாவோ, "காசு கொடுத்துச் சத்தம் படிக்கப் போறியா? அதுக்கு டேட்டா சயின்ஸ் படி" என்கிறார். அக்காவுக்கு விருப்பம்தான், கடனை நினைத்தால் பயம். ஒரு கன்சல்டன்சி மூன்று பல்கலைக்கழகங்களின் பெயரைச் சொல்லி, முன்பணம் கட்டினால் சீட் உறுதி என்கிறது.

அவருடைய கேள்விகள்: இசைப் பட்டம் இல்லாமல் சேர முடியுமா? போர்ட்ஃபோலியோவுக்காக மாடுலர் சிந்தசைசர் (தனித்தனிப் பகுதிகளை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் மின்னணுக் கருவி) வாங்கலாமா? ஐரோப்பாவில் படிப்பு இலவசமாமே? முடித்தால் வேலை கிடைக்குமா? ஏஐ ஒரு நிமிடத்தில் பாட்டு போடும் காலத்தில் இதெல்லாம் எதற்கு? வேலையை இப்போதே விட்டுவிட்டுத் தயாராகலாமா?

கடிதத்தோடு மூன்று ஒலிக்கோப்புகளையும் அனுப்பியிருக்கிறார். இரண்டு முழு ட்ராக்குகள். மூன்றாவதற்குப் பக்கத்தில், "இது சும்மா ஒரு சோதனை, போர்ட்ஃபோலியோவில் சேர்க்க மாட்டேன்" என்று ஒரு குறிப்பு.

அன்புள்ள வாசகருக்கு,

அந்த மூன்றாவது கோப்பிலிருந்தே தொடங்குகிறேன். இரும்புப் பீப்பாயின் பக்கவாட்டில் காண்டாக்ட் மைக்கை (பொருளின் அதிர்வை நேரடியாகப் பிடிக்கும் மைக்) ஒட்டி, பீப்பாயின் வாய்க்கு மேலே செல்போனைப் பிடித்து, குழாயைத் திறந்துவிட்டு, நிரம்பும்வரை பதிவு செய்திருக்கிறீர்கள். காண்டாக்ட் மைக் இடது காதில், செல்போன் வலது காதில். பீப்பாய் நிரம்ப நிரம்ப உள்ளே காற்றுக்கு இடம் குறைகிறது, வலது பக்கத்துச் சுருதி ஏறிக்கொண்டே போகிறது. தண்ணீரின் பாரம் கூடக் கூட இரும்புச் சுவரின் அதிர்வு மெதுவாகிறது, இடது பக்கத்துச் சுருதி இறங்கிக்கொண்டே வருகிறது. நடுவில் ஓரிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கின்றன. அந்தச் சில நொடிகளில் எது உலோகம், எது காற்று என்று காதுக்குப் பிடிபடவில்லை. நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன்.

அப்புறம் மூன்றாவது நிமிடத்தில் ஒரு தாள லூப் வந்து விழுகிறது, கூடவே தாராளமாக ரிவர்ப் என்ற செயற்கை எதிரொலி. கேட்பவர் சலித்துவிடுவாரோ என்ற பயத்தில் போட்டதாகத் தோன்றுகிறது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். மற்ற இரண்டு ட்ராக்குகளிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, மிக்ஸிங் சுத்தம். ஆனால் அவற்றைக் கேட்டு உங்களை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. ஒலிக்கலைத் துறைத் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்: உங்களுக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வாங்கித் தரப்போவது நீங்கள் ஒதுக்கி வைத்த அந்தப் பீப்பாய்தான்.

ஒரு சின்னத் தொழில்நுட்பக் குறிப்பும் உண்டு. இடது பக்கத்தில் அடித்தொனி போதவில்லை, சன்னமாகக் கேட்கிறது. காண்டாக்ட் மைக்கான பியஸோ வில்லையை ஆடியோ இன்டர்ஃபேஸின் சாதாரண லைன் இன்புட்டில் நேரடியாகச் செருகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பியஸோவுக்கு மின்மறுப்பு மிக அதிகமுள்ள உள்ளீடு வேண்டும். இல்லாவிட்டால் தாழ்ந்த அலைவரிசைகள் வடிகட்டப்பட்டுவிடும். கிதாருக்கென்று இருக்கும் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் பெரும்பாலும் 1 மெகா ஓம் அளவில் இருக்கும், அதில் செருகிப் பாருங்கள். பியஸோவுக்கான சின்ன ப்ரீஆம்ப் கிடைத்தால் இன்னும் நல்லது. இறங்கும் சுருதியின் முழு வலுவும் அப்போதுதான் தெரியும்.

இசைப் பட்டம் இல்லாதது ஒரு குறையா?

இந்தத் துறையைப் பொறுத்தவரை பெரும்பாலும் இல்லை. 1948இல் பாரிஸில் பதிவு செய்த சத்தங்களை வெட்டி ஒட்டி இசையாக்கிய பியர் ஷெஃபர், வானொலியில் வேலை பார்த்த தொலைத்தொடர்புப் பொறியாளர். 1957இல் பெல் ஆய்வகத்தில் கணினியை இசைக்க வைத்த மேக்ஸ் மேத்யூஸும் பொறியாளர்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. ஜான் சௌனிங் இசையமைப்பாளர். நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, 1967இல் எஃப்எம் சிந்தசிஸ் என்ற மின்னணு ஒலியாக்க முறையைக் கண்டறிந்தார். அதைத்தான் யமஹா உரிமம் வாங்கி 1983இல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டாக விற்றது. பொறியாளரும் கலைஞரும் ஒரே அறையில் உட்கார்ந்து உண்டாக்கிய துறை இது. நீங்கள் வாசல் தவறி வந்தவரில்லை.

விதிவிலக்குகளையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் இர்காம் என்ற இசை ஆய்வு நிறுவனம் நடத்தும் கர்சஸ் பயிற்சி, வாத்தியங்களுக்கு எழுதிப் பழகிய இளம் இசையமைப்பாளர்களுக்கானது. அங்கே குறியீடு தெரியாமல் நுழைய முடியாது. சில இசைக் கல்லூரிகளின் இசையமைப்புத் துறைகளும் அப்படித்தான். மற்ற பல இடங்களில் தகுதிப் பகுதியில் "தொடர்புடைய பட்டம் அல்லது அதற்கு இணையான அனுபவம்" என்ற வரி இருக்கும். அந்த 'அல்லது'வுக்குப் பின்னால் வருவதுதான் உங்களுக்கான கதவு. சந்தேகம் இருந்தால் படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கே எழுதிக் கேளுங்கள். பீப்பாய்ப் பதிவின் இணைப்பையும் அதில் வையுங்கள்.

உங்களுக்கு உண்மையில் சிரமம் தரப்போவது வேறொன்று: எழுத்து. முதுநிலையில் கட்டுரைகள் எழுத வேண்டும், உங்கள் படைப்பைப் பற்றி நீங்களே விமர்சன நோக்கில் எழுத வேண்டும், பிறர் படைப்பைக் கேட்டுப் பேச வேண்டும். பொறியியல் படித்து வருபவர்கள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான். உங்கள் கடிதம் இரண்டு பக்கம். எந்த மென்பொருள், எந்த ப்ளக்-இன், எத்தனை ட்ராக் என்று எல்லாம் இருக்கிறது. யாருடைய படைப்பைக் கேட்டீர்கள், எது உங்களை நின்று கேட்க வைத்தது என்று ஒரு வரிகூட இல்லை. இப்போதிருந்தே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேட்டதைப் பற்றி எழுதிப் பழகுங்கள். மாதம் இரண்டு பக்கம் போதும்.

பலகை ஒன்று, படிப்பு நான்கு

கன்சல்டன்சி கொடுத்த மூன்று பெயர்களையும் பார்த்தேன். ஒன்று சவுண்ட் இன்ஜினியரிங், ஒன்று வணிக இசைத் தயாரிப்பு, ஒன்று கணினி இசை ஆய்வு. மூன்றுக்கும் பெயரில் 'சவுண்ட்' இருக்கிறது என்பதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை. நீங்கள் கேட்ட ஒலிக்கலை அதில் ஒன்றில்கூட இல்லை. எனவே இந்தப் பிரிவுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது, இசைக் கல்லூரி வழி. நெதர்லாந்தின் ஹேக் நகரில் ராயல் கன்சர்வேட்டரியில் இருக்கும் சோனாலஜி நிறுவனம் இதற்கு நல்ல உதாரணம். 1960இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மின்னணு இசை ஸ்டுடியோவாகத் தொடங்கி, 1986இல் ஹேக்குக்கு வந்தது. அங்கே மின்னணு இசை ஒரு தனி மரபாக, தனக்கென்று வரலாறும் கோட்பாடும் உள்ளதாகக் கற்றுத் தரப்படுகிறது. முதுநிலைப் படிப்போடு ஓராண்டுப் பயிற்சி ஒன்றும் உண்டு. உங்களைப் போன்று வேறு துறையிலிருந்து வருபவர்கள் அந்த ஓராண்டில் சேர்ந்துவிட்டு, அதன் பிறகு முதுநிலைக்கு விண்ணப்பிப்பது நல்ல உத்தி. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரில் 1965 முதல் இயங்கும் ஐஇஎம் என்ற மின்னணு இசை நிறுவனமும் இந்தப் பக்கத்தில்தான் வரும், அங்கே ஒலியியலின் அறிவியல் பகுதி இன்னும் அழுத்தமானது.

இரண்டாவது, ஓவியக் கல்லூரி வழி. லண்டன் காலேஜ் ஆஃப் கம்யூனிகேஷனின் சவுண்ட் ஆர்ட்ஸ் முதுநிலை, சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கல்லூரியின் ஒலித்துறை, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சவுண்ட் ஆர்ட் எம்எஃப்ஏ (நுண்கலை முதுநிலை) ஆகியவை இந்த வகை. இங்கே யாரும் உங்களைத் தாளக்கணக்கு கேட்க மாட்டார்கள். ஏன் இந்த ஒலி, ஏன் இந்த இடத்தில், யார் காதுக்கு என்று கேட்பார்கள். மேக்ஸ் நியூஹவுஸ் என்ற கலைஞர் 1977இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் நடைபாதைக் கம்பிவலைக்கு அடியில் ஒரு தொடர் ஒலியைப் பொருத்தினார். பெயர்ப்பலகை எதுவும் வைக்கவில்லை. கடந்து போகிறவர்களில் சிலர் நின்று கவனிப்பார்கள், பலர் கவனிக்காமலே போவார்கள். அது எப்போது தொடங்கியது, எப்போது முடியும் என்ற கேள்வியே அங்கே எழாது. கச்சேரிக்கும் இதற்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் ஒலிக்கலை நிற்கிறது. 2010இல் சூசன் ஃபிலிப்ஸ் என்ற கலைஞர், பிரிட்டனின் புகழ்பெற்ற கலை விருதான டர்னர் பரிசு பெற்றபோது, ஒலிப் படைப்புக்காக அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. கலை உலகம் இதைத் தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொள்ள அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. உங்கள் அப்பாவின் கேள்வியில் கோபப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, ஆய்வக வழி. ஸ்டான்ஃபோர்டில் 1975இல் தொடங்கிய சிசிஆர்எம்ஏ என்ற கணினி இசை ஆய்வு மையம், பார்சிலோனாவில் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் ஓராண்டு சவுண்ட் அண்ட் மியூசிக் கம்ப்யூட்டிங் முதுநிலை. இவற்றில் கணிதமும் நிரலாக்கமும் முதுகெலும்பு. உங்கள் பட்டத்துக்கு மிகப் பொருத்தமான இடம், முடித்தபின் வேலை தேடவும் இதுதான் சுலபமான வழி. ஆனால் கடிதத்தில் நீங்கள் நிரலைப் பற்றி எழுதும்போது மேலோட்டமாகவும், பீப்பாயைப் பற்றி எழுதும்போது விரிவாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, இன்ஜினியரிங், தயாரிப்பு வழி. ரெக்கார்டிங், மிக்ஸிங், மாஸ்டரிங். மரியாதையான தொழில், நல்ல படிப்பும்கூட. நீங்கள் கேட்பது இது இல்லை.

இவற்றுக்கு நடுவில் நிற்கும் இடங்களும் இருக்கின்றன. பெல்ஃபாஸ்டில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்க் என்ற ஒலிக்கலை ஆய்வு மையத்தை 2004இல் மின்னணு இசை முன்னோடி ஸ்டாக்ஹௌஸன் திறந்துவைத்தார். அங்கே சோனிக் லேப் என்ற அரங்கின் தரையே கம்பிவலை, அதற்குக் கீழேயும் ஸ்பீக்கர்கள் இருக்கும். ஒலி காலடியிலிருந்து எழுவதைக் கேட்டுக்கொண்டே உங்கள் படைப்பைத் திருத்தலாம். முதுநிலைப் படிப்பு தரும் பெரிய சொத்தாக நான் நினைப்பது இப்படிப்பட்ட அறைகளைத்தான். மென்பொருளை வீட்டிலேயே கற்கலாம். பல ஸ்பீக்கர் கொண்ட அறையையும், உங்கள் படைப்பைக் கேட்டுவிட்டு "இந்த இரண்டு நிமிடம் பொய்" என்று முகத்துக்கு நேரே சொல்லும் பத்து சக மாணவர்களையும் வீட்டில் உண்டாக்கிக்கொள்ள முடியாது.

அதனால் ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இப்போது படிக்கும் மாணவர்கள் இரண்டு பேருக்கு எழுதிக் கேளுங்கள்: ஸ்டுடியோ வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உங்கள் கைக்குக் கிடைக்கிறது? இரவில் திறந்திருக்குமா? ஆசிரியர் தனியாக உங்களோடு உட்காருவது எத்தனை முறை? போன ஆண்டு மாணவர் படைப்புகள் எங்கே அரங்கேறின? விளம்பரக் கையேட்டில் இருக்கும் படங்களைவிட இந்தப் பதில்கள் நம்பகமானவை. முக்கியமாக, அந்தத் துறை நீடிக்கப் போகிறதா என்றும் கேளுங்கள். கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் 1966 முதல் இருந்த மின்னணு இசை மையம் இந்தத் துறையின் புண்ணியத் தலங்களில் ஒன்று. அந்தக் கல்லூரியே 2022இல் வேறொரு பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. புகழ் பெற்ற பெயர் என்பதற்காக அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போர்ட்ஃபோலியோ, மாடுலர் ஆசை

மாடுலர் சிந்தசைசரை இப்போது வாங்க வேண்டாம். வயர் செருகிய பெட்டியின் படத்தைப் பார்த்து எந்தக் குழுவும் மயங்குவதில்லை, பல விண்ணப்பங்களில் அதே பெட்டிதான் இருக்கிறது. மாடுலர் சிந்தனையைப் பழக விசிவி ராக் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். ஒலி உண்டாக்கும் நிரலாக்க மென்பொருள்களான ப்யூர் டேட்டா, சூப்பர்கொலைடர் இரண்டும் 1996இல் வெளிவந்தவை, இன்றைக்கும் வகுப்பறைகளில் புழங்குகின்றன, இரண்டுமே இலவசம். நிரல் எழுதத் தெரிந்த உங்களுக்கு சூப்பர்கொலைடர் சீக்கிரம் கைவரும். உண்மையான பெட்டியைத் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், ஸ்டாக்ஹோமின் இஎம்எஸ் போன்ற பொது ஸ்டுடியோக்கள் பழைய புக்லா, செர்ஜ் மாடுலர் கருவிகளைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன. தங்கிப் பணிபுரிய அங்கே விண்ணப்பிக்கலாம்.

போர்ட்ஃபோலியோவில் மூன்று படைப்புகள் போதும். முதலில் பீப்பாய். அதன் நீளத்தைக் குறைக்காதீர்கள், ஆனால் குழு எல்லாருடைய விண்ணப்பத்தையும் முழுசாகக் கேட்காது. அதனால் "2 நிமிடம் 10 நொடியிலிருந்து கேளுங்கள்" என்று குறிப்பிடுங்கள், சுருதிகள் கடக்கும் இடம் அதுதானே. இரண்டாவதாக, அதையே ஒரு அறையில் நிறுவிப் பாருங்கள். நான்கு சாதாரண ஸ்பீக்கர்கள், ஒரு காலி அறை, வந்து கேட்கும் ஐந்தாறு நண்பர்கள். வருபவர்கள் எங்கே நின்றார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று எழுதி வையுங்கள். இடத்தைப் பற்றி யோசித்திருக்கிறீர்கள் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று கிடையாது. மூன்றாவது, அந்த இரண்டு ட்ராக்குகளில் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒவ்வொன்றுக்கும் 150 சொற்களில் குறிப்பு எழுதுங்கள். "சிறு வயதிலிருந்தே ஒலி மீது ஆர்வம்" என்ற வரியை எத்தனை விண்ணப்பங்களில் படித்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அதற்குப் பதிலாக, மைக்கை முதலில் எங்கே ஒட்டினீர்கள், ஏன் இடம் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்.

பணம், விசா, கன்சல்டன்சி

"முன்பணம் கட்டினால் சீட் உறுதி" என்று சொல்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பல்கலைக்கழகம் உங்களுக்குக் கமிஷன் தருகிறதா? முகவர்கள் பல பல்கலைக்கழகங்களிடம் கமிஷன் வாங்குகிறார்கள். அது சட்டவிரோதமில்லை, ஆனால் அவர்களுடைய பட்டியல் ஏன் அந்த மூன்று பெயரோடு நின்றது என்பது அதில் புரிந்துவிடும். போர்ட்ஃபோலியோ பார்த்துச் சேர்க்கும் படிப்பில் யாரும் சீட்டை உறுதி செய்ய முடியாது. நேரடியாக நீங்களே விண்ணப்பியுங்கள். இடம் கிடைத்து டெபாசிட் கட்டும் முன்பு மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா, சேர்க்கையை ஒரு ஆண்டு தள்ளிப்போட முடியுமா, படிப்பு ரத்தானால் என்ன ஆகும்.

'ஐரோப்பாவில் இலவசம்' என்பது பழைய செய்தி. நார்வே 2023 இலையுதிர் பருவத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை என்றாலும், பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் வெளிநாட்டு மாணவர்களிடம் வாங்குகிறது. பெர்லின் கலைப் பல்கலைக்கழகத்தின் சவுண்ட் ஸ்டடீஸ் அண்ட் சோனிக் ஆர்ட்ஸ் முதுநிலை, பணியில் இருப்பவர்களுக்கான தொடர்கல்வி வகையில் வருவதால் கட்டணப் படிப்பு. 'ஜெர்மனி, அதனால் இலவசம்' என்று கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. கட்டணமே இல்லாவிட்டாலும் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை விசாவுக்கு முன்பே காட்ட வேண்டும்.

உதவித்தொகைகளில் ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி இசைத்துறைக்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கிறது. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் கேட்கும், உங்களுக்கு அது இருக்கிறது. ஆனால் படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. படித்துவிட்டு அங்கேயே தங்கி வேலை தேடலாம் என்ற உங்கள் திட்டத்தோடு அது ஒத்துப்போகாது.

படிப்புக்குப் பின் தங்கும் காலமும் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் வேலை தேட 18 மாதம், நெதர்லாந்தில் ஓராண்டு. பிரிட்டனில் முதுநிலை முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டாக இருந்தது, 2027 ஜனவரி 1 முதல் அந்தத் தங்கும் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், முகவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கடனைப் பற்றி என் கருத்து கறாரானது. முழுக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் கடனாக வாங்கி ஒலிக்கலை படிக்காதீர்கள். இந்தப் பட்டம் மாதத் தவணை கட்டும் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. உதவித்தொகை, கட்டணச் சலுகை, உங்கள் சேமிப்பு மூன்றும் சேர்ந்து பெரும்பகுதியைத் தாங்குமானால் மிச்சத்துக்குச் சிறு கடன் சரி. தாங்காவிட்டால் ஒரு ஆண்டு பொறுத்து மறுபடி விண்ணப்பியுங்கள். அக்காவின் பயம் நியாயமானது, அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்.

என் ஒலி யாருக்குச் சொந்தம்?

விண்ணப்பத்தோடு அனுப்பும் படைப்பைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளுமோ என்று ஒரு ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். விண்ணப்பிப்பதால் உங்கள் பதிப்புரிமை போவதில்லை. பாடவழி முதுநிலையில் மாணவர் செய்த படைப்பு மாணவருக்கே என்பதுதான் பல பல்கலைக்கழகங்களின் விதி. நிறுவன நிதியில் நடக்கும் திட்டம், ஆசிரியரோடு சேர்ந்து எழுதிய மென்பொருள், கண்டுபிடித்த கருவி ஆகியவற்றில்தான் விதி மாறும். அறிவுசார் சொத்துக் கொள்கை என்று ஒரு ஆவணம் இருக்கும், சேரும் முன் படித்துவிடுங்கள்.

நீங்கள் பிறருக்குச் செய்ய வேண்டியதும் இருக்கிறது. உங்கள் இரண்டாவது ட்ராக்கில் ஒரு பெண்ணின் பேச்சு வருகிறது. அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினீர்களா? ஒளிந்திருந்து பதிவு செய்த பேச்சைப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதிக்காது. பல நாடுகளில் சட்டமும் அனுமதிக்காது. ஃப்ரீசவுண்ட் தளத்திலிருந்து எடுத்த மழைச் சத்தம் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அங்கே ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி உரிமம். சிலவற்றுக்குப் பெயர் சொன்னால் போதும், சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. எது எங்கிருந்து வந்தது என்று இப்போதே பட்டியல் போட்டு வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்காது.

வேலை, ஏஐ

பட்டத்தைப் பார்த்து வேலை தரும் இடங்கள் குறைவு. கையைப் பார்த்துத் தரும் இடங்கள் உண்டு: விளையாட்டு மென்பொருள் ஒலி, படப்பிடிப்புக்குப் பிந்தைய ஒலிப்பணி, அருங்காட்சியகங்களில் ஒலியமைப்பு நிறுவுதல், கற்பித்தல், ஆடியோ மென்பொருள். கடைசியாகச் சொன்னதில் உங்களுக்கு மற்றவர்களைவிட ஒரு படி முன்னிலை. சி++ நிரல்மொழியும், ஆடியோ மென்பொருள் எழுத உதவும் ஜூஸ் கட்டமைப்பும் தெரிந்து, டெஸ்டிங் அனுபவமும் இருந்து, காதும் இருப்பவர்கள் அதிகம் இல்லை. பலர் இப்படி ஒரு வருமானத்தை வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் தங்கள் கலையைச் செய்கிறார்கள். கலையை மட்டுமே வைத்து வாழ்பவர்கள் சிலர். அந்தச் சிலரில் ஒருவராகிவிடுவோம் என்று வைத்துக்கொண்டு பட்ஜெட் போடக் கூடாது.

ஏஐ பற்றிச் சுருக்கமாக: பின்னணி இசை விற்று வாழ்ந்தவர்களுக்கு அது நிஜமான அடி, அதை மறைக்க வேண்டியதில்லை. உங்கள் பீப்பாய்க்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. யாரும் அப்படி ஒன்றைக் கேட்டு ஆர்டர் கொடுக்கப் போவதில்லை.

முனைவர் பட்டம் வரை போகலாமா என்றும் ஒரு வரி இருந்தது. முதுநிலையின் இரண்டாம் பாதியில் கேட்க வேண்டிய கேள்வி அது, இப்போது விட்டுவிடுங்கள்.

வேலையை விடுவது

இப்போது விடாதீர்கள். போர்ட்ஃபோலியோவுக்குத் தேவையான நேரம் உங்கள் வார இறுதிகளில் கிடைக்கும், பீப்பாய்ப் பதிவே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்ததாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பல படிப்புகளுக்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து வசந்தம் வரை விண்ணப்பக் காலம், உதவித்தொகைகளின் கடைசித் தேதி பெரும்பாலும் அதற்கும் முன்பே வந்துவிடும். எனவே உதவித்தொகைத் தேதிகளை முதலில் குறித்துக்கொண்டு, படிப்புகளை அவற்றுக்கேற்ப வரிசைப்படுத்துங்கள். நான்கைந்து இடங்களுக்கு விண்ணப்பியுங்கள், அதில் ஒன்றாவது ஓராண்டுப் பயிற்சியாக இருக்கட்டும். சேர்க்கைக் கடிதம், உதவித்தொகைக் கடிதம், விசா மூன்றும் கைக்கு வந்த பிறகு ராஜினாமா கொடுங்கள். உங்கள் நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்பதைப் பணி ஒப்பந்தத்தில் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். மூன்று மாதம் என்று இருந்தால், விசா தாமதமானாலும் வகுப்பு தொடங்கும் தேதி காத்திருக்காது. அப்படியானால் சம்பளமில்லா விடுப்போ, நோட்டீஸ் காலத்தைக் குறைத்துக்கொள்ளும் வழியோ இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.